போத்தல் காக்காவும் குழாய்க்குள் குடியிருந்த இருவரும்

கல்முனைக்குடியில் இருந்து காரைதீவுச் சந்தி வரைக்கும் அந்தக் காலத்தில் நடமாடிய பெரிய மனிதர்கள் ஒருவரையும் போத்தல் காக்காவுக்கு முகத்தால் தெரியாது. சலத்தால்தான், அதாவது மூத்திரத்தால்தான், தெரியும். இதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. கொஞ்சம்தான் மிகைப்படுத்துகிறேன்.

ஒரு கலியாண வீட்டில் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தோம். எதிரே மாப்பிள்ளையின் வாப்பா. கடைத்தெருவில் பாதிக்குச் சொந்தக்காரர். காக்கா அவரை உற்றுப் பார்த்தார். பெயர் ஞாபகம் வரவில்லை. நெற்றியைத் தேய்த்தார். பிறகு முகம் பூவாய் மலர்ந்தது.

"ஆ! நீங்க செங்கல் நிறம்! இப்ப எப்பிடி ஹாஜியார், பச்சைக்கு வந்திட்டிங்களா?"

சலத்தில் சீனி இருக்கிறதா என்று பார்க்கிற நீல மருந்து ஒன்று உண்டு. சலத்தைச் சேர்த்துக் கொதிக்க வைத்தால், சீனி இல்லாவிட்டால் நீலமாகவே நிற்கும். கொஞ்சம் இருந்தால் பச்சை. நிறைய இருந்தால் செங்கல் நிறம். மாப்பிள்ளை வீட்டார் ஆறு மாதமாக மூடி வைத்திருந்த சீனி வருத்தத்தைப் பெண் வீட்டார் அன்றைக்குத்தான் அறிந்துகொண்டார்கள். கலியாணம் நின்றுவிடாமல் நடந்தது அல்லாஹ்வின் கிருபை என்று பிறகு பேசிக்கொண்டார்கள். தான் செய்த பிழை என்னவென்று காக்காவுக்கு மட்டும் கடைசிவரை விளங்கவில்லை. "சுகம் விசாரிச்சன் கிளாக்கர், அது பிழையா?" என்று வழியெல்லாம் என்னைக் கேட்டுக்கொண்டு வந்தார்.

கிளாக்கர் என்பது நான். சைவத் தமிழ் ஊரான காரைதீவுக்காரன். எண்பதுகளின் தொடக்கத்தில், முப்பது வயதில், கல்முனைப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் எழுதுவினைஞராக இருந்தேன். என் அறைக்கும் காக்காவின் ஆய்வுகூடத்துக்கும் நடுவே ஒரு பலகைத் தட்டிதான். காக்கா என்றால் முஸ்லிம் ஊர்களில் அண்ணன்; அவருடைய சொந்தப் பெயர் வரவுப் பதிவேட்டில் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார். ஒல்லியான மனிதர், வெள்ளைத் தொப்பி, முழங்கைவரை மடித்த சேட்டு. வலது கண் நுணுக்குக்காட்டியில் பார்த்துப் பார்த்துச் சற்றுப் பெரிதாகவும் இடது கண் மூடி மூடிச் சற்றுச் சிறிதாகவும் இருக்கும்.

போத்தல் விடயத்தில் அவர் ஒரு சர்வாதிகாரி. ஊர்ச் சனம் சலத்தை எதில் கொண்டுவரும் என்று ஒரு வரையறையும் இல்லை. அரிஷ்டப் போத்தல், தைலப் போத்தல், சோடாப் போத்தல். ஒருவர் மூடி போட்ட தேநீர்க் குவளையில் கொண்டுவந்து, குவளையைத் திருப்பித் தரும்படியும் கேட்டார். இவற்றையெல்லாம் காக்கா தொடவும்மாட்டார். "இது போத்தலா? இது குப்பக் கிடங்கு!" என்று வாசலிலேயே மறித்துவிடுவார். தன்னுடைய போத்தல்களைத் தினமும் காலையில் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு பெரிய கிடாரத்தில் போட்டு, விறகு மூட்டி, ஒரு மணித்தியாலம் கொதிக்க வைப்பார். முதல் தரம் அந்தப் புகையையும் கிடாரத்தையும் கண்ட சனம் கந்தூரிச் சோறு கொடுக்கிறார்கள் என்று நினைத்துக் கோப்பைகளோடு வந்து வரிசையில் நின்றுவிட்டது. மூடியைத் திறந்து காட்டி விரட்ட வேண்டியிருந்தது.

போத்தலைக் கொடுத்த பிறகும் விடமாட்டார். கக்கூசுக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு உத்தரவு போடுவார்.

"முதல் வாறத்த உட்டுடுங்க! நடுவுல வாறத்தப் புடிங்க! கடைசி எனக்குத் தேவல்ல! வாய்ல கை படப்படா! போத்தல்ட வாய்ல!"

சவளக்கடையில் இருந்து வந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவருக்கு இந்தச் சத்தத்தில் வந்ததும் நின்றுவிட்டது. இரண்டு மணித்தியாலம் உள்ளேயே இருந்தார். காக்காவும் இரண்டு மணித்தியாலம் வெளியே நின்றார். கடைசியில் மாஸ்டர் உள்ளிருந்து, "ஐயா, நீங்க கொஞ்சம் தள்ளிப் போனா வரும்போல கிடக்கு" என்று கெஞ்சினார். காக்கா நாலடி தள்ளிப் போனார். அங்கிருந்து சத்தம் போட்டார்.

இன்னொரு நாள் வரிப்பத்தான்சேனையில் ஏக்கர் கணக்கில் வயல் வைத்திருந்த போடியார் ஒருவருடைய மகன் போத்தலும் கையுமாக ஓடிவந்தான். வாப்பாவுக்குச் சீனி வருத்தமாம், வெளியே யாரோ பார்த்துச் செங்கல் நிறம் என்று சொல்லிவிட்டார்களாம், வீட்டில் பெண்கள் எல்லாம் ஒப்பாரியாம். காக்கா அந்தப் போத்தலை மணந்தார். ஒரு துளியை நுணுக்குக்காட்டியில் வைத்தார். நிமிர்ந்தார்.

"மவன், வாப்பாவுக்குச் சீனி வருத்தமில்ல. தேன் வருத்தம். இது தேன் போத்தல், இதுக்குள்ள தேனீட கால் ஒண்டு மிதக்குது. போய்ப் போடியாருக்குச் சோறு குடுங்க, பட்டினி போட்டுச் சாகடிச்சுடாதிங்க."

இப்படிப்பட்டவருக்குப் பெரிய குறை ஒன்று இருந்தது. எங்கள் ஆஸ்பத்திரியில் கிருமியை வளர்த்துப் பார்க்கிற வசதி கிடையாது. சலத்தில் என்ன கிருமி, எந்த மருந்துக்கு அது சாகும் என்று அறிய வேண்டுமானால் ஐஸ் வைத்துத் தூர ஊருக்கு அனுப்ப வேண்டும். பதில் வருவதற்குள் நோயாளி ஒன்று சுகமாகி வீட்டுக்குப் போயிருப்பார், அல்லது மௌத்தாகியிருப்பார். காக்கா மேலிடத்துக்குக் கடிதம் எழுதினார். நான்தான் டைப் அடித்தேன். ஒன்பதாவது கடிதத்துக்குப் பிறகு, "கிளாக்கர், இனி எழுதவேணாம், நான் சமைக்கப் போறன்" என்றார்.

உண்மையாகவே சமைத்தார். நோன்பு காலத்தில் எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் கடற்பாசியைக் காய்ச்சிச் சீனியும் தேங்காய்ப்பாலும் விட்டு உறைய வைப்பார்களே, அதே கடற்பாசி. அதற்குச் சீனிக்குப் பதில் மாட்டிறைச்சி அவித்த தண்ணீரும் உப்பும் விட்டு, கண்ணாடித் தட்டுகளில் உறைய வைத்தார். கிருமிகளுக்கு அது விருந்து. சூட்டுக்கு ஒரு பலகைப் பெட்டியும் அதற்குள் ஒரு மின்குமிழும். கோழிக்குஞ்சு பொரிக்கிற பெட்டியைப் பார்த்துச் செய்தது.

காய்ச்சியது வீட்டுக் குசினியில் என்பதால் ஒரு விபத்தும் நடந்தது. நோன்பு துறக்கிற நேரம் அவருடைய மச்சினன், பெண்சாதியின் தம்பி, வந்திருக்கிறார். பீங்கானில் ஆற வைத்திருந்ததை எடுத்து வயிறார உண்டுவிட்டு, "ராத்தா, கடற்பாசி நல்லாரிக்கி. சீனிக்குப் பதிலா உப்பப் போட்டுட்டியோ?" என்று தன் அக்காவைக் கேட்டாராம். அடுத்த நாள் காக்கா என்னிடம் சோகமாகச் சொன்னார்: "எட்டுத் தட்டுக்குரிய சாமான் கிளாக்கர். ஒரே மூச்சுல திண்டுட்டான்."

இந்தத் தட்டுகள்தான் றாசிக்கின் கதையில் வேலைக்கு வந்தன.

றாசிக் மீன் லொறிச் சாரதி. கல்முனைக்குடிக்காரன், முப்பத்தைந்து வயது, நாலு பிள்ளைகள். ஐஸ் போட்ட மீனோடு கொழும்புக்குப் போகிற வழியில் லொறி புரண்டு இடுப்பெலும்பு உடைந்தது. கொழும்பில் வைத்தியம் செய்து, இனி அசையாமல் படுத்திருந்தால் போதும் என்று எங்கள் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். அசையக்கூடாது என்பதால் சலம் போக ரப்பர் குழாய் ஒன்றும் போட்டிருந்தது. 'நாங்கள் சொல்லும்வரை குழாயை எடுக்க வேண்டாம்' என்று ஒரு கடிதமும் கூட வந்தது.

வந்த முதல் கிழமை ஏழு நாளும் வாட்டே அவனால் கலகலத்தது. படுத்த படியே கட்டில் விளிம்பைச் சுக்கானாகப் பிடித்துக்கொண்டு பக்கத்துக் கட்டில்காரர்களைக் கொழும்புக்கு ஏற்றிப் போவான். இரண்டாம் கிழமை காய்ச்சல் வந்தது. டொக்டர் ஊசி போட்டார், காய்ச்சல் விட்டது. ஐந்து நாளில் திரும்ப வந்தது. வேறு மருந்து போட்டார், விட்டது, திரும்ப வந்தது. மூன்றாவது தரம் வந்தபோது அவன் சுக்கானை விட்டுவிட்டான். கண் உள்ளே போய், உதடு வெடித்து, யாரோடும் கதைக்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். அவனுடைய பெண்சாதி றகுமா ஒவ்வொரு நாளும் கஞ்சிப் போத்தலோடு வந்து, அப்படியே திரும்பக் கொண்டுபோவாள்.

டொக்டர் யாழ்ப்பாணத்தவர். புதிதாக வந்தவர். நல்லவர், கெட்டிக்காரர். ஒரேயொரு குறை, தன்னைவிட வயதில் மூத்தவர்கள் எதையாவது சொன்னால் காது கொஞ்சம் மந்தமாகிவிடும்.

காக்கா மூன்றாவது காய்ச்சலின் முதல் நாளே றாசிக்கின் சலத்தைப் பார்த்து அறிக்கை எழுதியிருந்தார். மூன்று வரி. பற்றீரியா உண்டு. பங்கசும் உண்டு, அதாவது பூஞ்சை. சீனியும் உண்டு. டொக்டர் முதலாவது வரியைப் படித்தார், மூன்றாவது வரியைப் படித்தார், நடு வரியைச் சிவப்புப் பேனையால் வெட்டிவிட்டார். பக்கத்தில் எழுதினார்: 'போத்தல் ஊத்தை.'

அந்தத் தாள் என் மேசை வழியாகத்தான் திரும்பி வந்தது. அதைக் காக்காவிடம் காட்டாமல் ஒளித்துவிடலாமா என்று யோசித்தேன். அதற்குள் தட்டிக்கு மேலால் பெரிய கண் எட்டிப் பார்த்துவிட்டது.

சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை. தொப்பியைக் கழற்றி, திரும்பப் போட்டார்.

"எண்ட போத்தல்லயா ஊத்த?"

"காக்கா, டொக்டர் ஏதோ அவசரத்தில..."

"இருவத்தி ரெண்டு வருசம் கிளாக்கர். இருவத்தி ரெண்டு வருசமா நான் கொதிக்கவச்சுத்தான் குடுக்கிறன்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "எண்ட மானத்த உடுங்க. அந்தப் பொடியனுக்குள்ள ரெண்டு சாமான் இரிக்கி. ஒண்டுக்குத்தான் மருந்து போகுது. அவன் போயிடுவான்."

அன்றைக்கே தொடங்கினார். டொக்டர் வாட்டுச் சுற்றி வருகிற நேரம் பார்த்து, நாலு போத்தலோடு றாசிக்கின் கட்டிலடியில் போய் நின்றார்.

"டொக்டர், இது நாலும் இப்பதான் கொதிச்சு இறங்கின. நீங்களே ஒண்டத் தொட்டுக் காட்டுங்க."

"உதென்ன விளையாட்டு காக்கா?"

"விளையாட்டில்ல. தொடுங்க."

டொக்டர் சிரித்துக்கொண்டே ஒன்றைத் தொட்டார். காக்கா குழாயை மருந்தால் துடைத்து, ஊசியால் குத்தி, உள்ளேயிருந்து நேரடியாகச் சலத்தை உறிஞ்சி அந்தப் போத்தலில் விட்டார். இன்னொன்றில் கொதித்தாறிய வெறுந் தண்ணீர். இரண்டையும் மூடி, மூடிமேல் கடதாசி ஒட்டி, டொக்டரைக் கையெழுத்துப் போடச் சொன்னார். டொக்டர் போட்டார். அடுத்த நாளும் இதே கூத்து. மூன்றாம் நாள் டொக்டர் அவரைக் கண்டதும் தானாகவே பேனையை எடுத்தார்.

மூன்று நாளும் தண்ணீர்த் தட்டில் ஒன்றும் முளைக்கவில்லை. மூன்று நாளும் சலத் தட்டில் இரண்டு வகை முளைத்தது. ஒன்று பளபளவென்று பரந்த பற்றீரியா. மற்றது அதற்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாக, பால் துளி தெறித்த மாதிரிச் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள்.

அடுத்த வேலைக்கு என் அறைக்கு வந்தார். கடதாசியில் துளை போடுகிற என்னுடைய இயந்திரத்தையும் ஒற்றுத்தாளையும் எடுத்துக்கொண்டு போனார். ஒற்றுத்தாளில் வட்டம் வட்டமாக வெட்டி, றாசிக்குக்குப் போடுகிற அதே ஊசி மருந்திலும் வேறு மருந்துகளிலும் நனைத்து, சலம் தடவிய புதுத் தட்டுகளில் வைத்தார். மறுநாள் என்னைக் கூப்பிட்டு நுணுக்குக்காட்டிக்கு முன்னால் இருத்தினார். எனக்கு முதலில் என்னுடைய இமை மயிர்தான் தெரிந்தது.

"கண்ண ஒட்டி வைக்காதிங்க. இப்ப?"

தெரிந்தது. நீளம் நீளமாக நூல்கள். அந்த நூல்களின் மேல் வரிசையாக, நெருக்கியடித்துக்கொண்டு சின்னச் சின்னக் குச்சிகள்.

"நூல் பங்கசு. குச்சி பற்றீரியா. இது மருந்து போடாத சலம். ரெண்டு பேரும் எப்பிடி ஒட்டிக் கிடக்கிறானுகள் பாருங்க. ரெண்டும் ஒண்டுக்கொண்டு எதிரியாவும் இரிக்கி, கூட்டாளியாவும் இரிக்கி. பற்றீரியா பெருகி நிண்டா பங்கசு அடங்கிக் கிடக்கும், இடமில்ல. இப்ப இந்தத் தட்டப் பாருங்க."

ஒற்றுத்தாள் வட்டத்தைச் சுற்றிப் பற்றீரியா செத்து வெறுமையாக இருக்கவேண்டிய இடத்தில், வெள்ளைப் புள்ளிகள் பருத்துக் கொழுத்து இருந்தன.

"மருந்து பற்றீரியாவச் சாகடிச்சிட்டு. பங்கசு எழும்பிட்டு. நீங்க காரைதீவு, வயல்காரன், உங்களுக்குச் செல்லத் தேவல்ல. கோரைக்கு மட்டும் மருந்தடிச்சா நெற்சப்பிப் புல்லு என்ன செய்யும்?"

"படர்ந்திடும்."

"ஓம். சலத்துல சீனியும் இரிக்கி, அதுக்குத் தீனி. அது வளந்து, குழாய்க்குள்ள பாசி மாதிரிப் புடிச்சு, மிச்சம் கிடக்கிற பற்றீரியாவ மூடிக் காப்பாத்துது. மருந்து நிண்டதும் இவன் திரும்பப் பெருகிறான். காய்ச்சல். திரும்ப மருந்து. இந்தச் சுத்து நிக்கணுமெண்டா, மருந்தால ஆகா. வீட்டையே களட்டணும்."

"வீடு?"

"குழாய்."

ஆனால் டொக்டரிடம் போக முன் இன்னொரு சோதனை வேண்டும் என்றார். வெள்ளைப் புள்ளி பேக்கரியில் பாணுக்குப் போடுகிற சாதாரண ஈஸ்ட் மதுவம் இல்லை, மனிதனைத் தாக்குகிற சாதிதான் என்று காட்ட வேண்டும். அதற்குத் தன் கையிலிருந்தே இரத்தம் எடுத்து, மேலே தெளிகிற நீரைப் பிரித்து, அதில் ஒரு புள்ளியைக் கலந்தார். உடம்புச் சூட்டில் மூன்று மணித்தியாலம் வைத்தால் அதற்குக் கொம்பு முளைக்குமாம். கலந்து முடித்த அந்த நிமிடம் கரண்ட் போய்விட்டது. பெட்டியின் குமிழ் அணைந்தது.

காக்கா ஒரு கணமும் யோசிக்கவில்லை. கண்ணாடிக் குழாயை இறுக அடைத்துத் தன் கக்கத்தில் வைத்துக்கொண்டார். ஒரு கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு மற்றக் கையால் வேலை பார்த்தார். யாரோ வந்து, "காக்கா, கைக்கு என்ன?" என்று கேட்டதற்கு, "அடைகாத்துக் கிடக்கிறன், கொம்பு முளைக்கணும்" என்றார். கேட்டவர் பிறகு அந்தப் பக்கம் வரவில்லை.

நடுப்பகல் தொழுகைக்கு லுஹர் பாங்கு சொன்னது. காக்கா என் அறைக்கு வந்தார். முகத்தில் பெரிய சங்கடம்.

"கிளாக்கர், ரத்தம் நஜீஸ், அசுத்தம். இத வச்சிக்கிட்டு நான் தொழ ஏலா. கீழ வச்சா சூடு போயிடும்."

"அதுக்கு?"

அவர் என் கக்கத்தைப் பார்த்தார்.

நான் சேட்டைக் கழற்றினேன். இருபது நிமிடம் அந்தக் குழாயை அடைகாத்தேன். அந்த இருபது நிமிடத்துக்குள் மேலதிகாரி ஒருவர் பரிசோதனைக்கு வந்து, பனியனோடு ஒரு கையை மடக்கிக்கொண்டு எழும்பி நின்ற என்னைக் கண்டு, ஒன்றும் கேளாமல் திரும்பிப் போனார். காக்கா பள்ளியிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்து, "விழுத்தலயே? அசையலயே?" என்று வாங்கிக்கொண்டார்.

மூன்று மணித்தியாலம் முடிந்தது. ஒரு துளியைக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தார். வெகு நேரம் நிமிரவில்லை. நான் தட்டியைச் சுற்றி உள்ளேயே போய்விட்டேன்.

"முளைச்சிட்டா?"

"கொம்பு கிளாக்கர்!" என்றார். "ஒவ்வொண்டுக்கும் கொம்பு!"

டொக்டருடைய அறைக்கு நாங்கள் போன ஊர்வலத்தை எழுதினால் நம்பமாட்டீர்கள். முன்னால் காக்கா நுணுக்குக்காட்டியைப் பிள்ளையைத் தூக்குகிற மாதிரித் தூக்கிக்கொண்டு. பின்னால் நான் தட்டுகளை அடுக்கிய தேநீர்த் தட்டத்தோடு. டொக்டர் தட்டுகளைப் பார்த்தார். தன் கையெழுத்துகளைப் பார்த்தார். ஒன்றும் முளைக்காத தண்ணீர்த் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியாகக் கண்ணை நுணுக்குக்காட்டியில் வைத்தார்.

"எனக்கு உதைப் படிப்பிச்சவை காக்கா," என்றார் மெதுவாக. "புத்தகத்தில இருந்தது. நான்தான்..."

"புத்தகத்துல இரிக்கும் டொக்டர். ஆனா போத்தல்ல ஊத்த இல்ல."

"இல்லை. ஊத்தை இல்லை. நான் எழுதினது பிழை."

காக்கா அதோடு எழும்பியிருக்கலாம். எழும்பவில்லை. "அப்ப குழாய எடுங்க."

டொக்டர் கொழும்புக் கடிதத்தைக் காட்டினார். சொல்லும்வரை எடுக்கக்கூடாது. எடுத்தபிறகு சலம் போகாமல் அடைத்துக்கொண்டால் என்ன செய்வது? காக்கா சொன்னார்: "அப்ப கொழும்பக் கேளுங்க. நான் இதுல இருக்கிறன்." தொலைபேசி என் மேசையில்தான் இருந்தது. பின்னேரம் மூன்றில் இருந்து ஆறு மணிவரை நானும் டொக்டரும் மாறிமாறிக் கத்தினோம். இணைப்பு மூன்று தரம் அறுந்தது. நாலாம் தரம் கொழும்புப் பெரிய டொக்டர் கிடைத்தார். எலும்பு பொருந்தியிருக்கும், எடுத்துப் பாருங்கள் என்றார்.

அடுத்த நாள் காலை குழாயை எடுத்தார்கள். காக்கா அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய்க் குறுக்கே வெட்டிக் காட்டினார். உள்ளே வழுவழுவென்று ஒரு படலம். சுரண்டி வைத்துப் பார்த்தால் நூலும் குச்சியும் பின்னிப் பிணைந்து கிடந்தன. டொக்டர் கட்டில் அட்டையை எடுத்தார். சீனிக்கு இதுவரை கொடுத்த மாத்திரையை மாற்றி இன்சுலின் எழுதினார். பற்றீரியாவுக்குத் தட்டில் எந்த மருந்து நன்றாகக் கேட்டதோ அதை மட்டும், சில நாளுக்கு மட்டும் எழுதினார். பழையதை நிறுத்தினார்.

பிறகு எல்லோரும் காத்திருந்தோம். றாசிக்குக்குச் சலம் தானாக வரவேண்டும்.

பத்து மணிக்கு வரவில்லை. பன்னிரண்டுக்கு வரவில்லை. தாதி மிஸ்ஸி தண்ணீர்ப் பைப்பைத் திறந்து ஓடவிட்டாள், தண்ணீர்ச் சத்தம் கேட்டால் வருமென்று. றகுமா கட்டில் காலைப் பிடித்தபடி துஆ ஓதிக்கொண்டிருந்தாள். மூன்று மணிக்கு டொக்டர் வந்து அவன் அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்து உதட்டைக் கடித்தார். "நாலு மணி வரைக்கும் பாப்பம். பிறகு திரும்பப் போடத்தான் வேணும்."

காக்கா கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தார். கையில் கொதித்த போத்தல். வழக்கமாகப் போடுகிற சத்தம் இல்லை. மெல்லக் கேட்டார்.

"றாசிக், லொறி இப்ப எங்க போகுது?"

அவன் கூரையையே பார்த்தான்.

"செல்லுங்க மவன். அம்பாறை தாண்டிட்டா?"

அவன் கண்ணை மூடிக்கொண்டு, "மகியங்கனை ஏத்தம்," என்றான்.

"எத்தினையாவது கியர்?"

"ரெண்டு."

"வளைவெல்லாம் நீங்களே செல்லுங்க. நான் கேக்கிறன்."

அவன் சொல்லத் தொடங்கினான். பதினெட்டு வளைவையும் ஒவ்வொன்றாக. எங்கே ஹோன் அடிக்க வேண்டும், எங்கே பஸ்ஸுக்கு ஒதுங்க வேண்டும், எங்கே லொறியை நிறுத்திச் சனம் முகம் கழுவும். கை தானாகக் கட்டில் விளிம்பைப் பிடித்தது. உடம்பு இளகியது. பன்னிரண்டாவது வளைவில் கதையை நிறுத்தினான்.

"காக்கா," என்றான். "போத்தலத் தாங்க."

திரைச்சீலையை இழுத்தார்கள். சத்தம் கேட்டது. வாட்டில் இருந்த இருபத்தைந்து பேரும் அந்தச் சத்தத்தை மூச்சுவிடாமல் கேட்டோம். யாரோ ஒரு கிழவர் "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். எல்லோரும் சொன்னோம், நானும் சொன்னேன். றகுமா தரையில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அப்போதுதான் காக்காவுக்குத் தன் சுயபுத்தி திரும்பியது. திரைக்கு இந்தப் பக்கம் நின்று பாய்ந்து கத்தினார்:

"முதல் வாறத்த உட்டுட்டியா? நடுவுலதானே புடிச்ச?"

காய்ச்சல் நாலாம் நாள் விட்டது. திரும்ப வரவில்லை. இரண்டு கிழமை கழித்துக் காக்கா ஒரு தட்டைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். தெளிந்த கடற்பாசி, அதில் ஒரு புள்ளியும் இல்லை. "ஒண்டுமில்ல," என்றார். வாழ்க்கையில் இதைவிட அழகான எதையும் கண்டதில்லை என்கிற முகம். அந்த அறிக்கையில் டொக்டர் சிவப்புப் பேனையால் ஒரு வரி எழுதினார். 'போத்தல் சுத்தம்.'

அதற்குப் பிறகு சில வருடங்கள் கழித்து, காரைதீவுக்கும் முஸ்லிம் ஊர்களுக்கும் நடுவே ரோட்டை மறித்த காலம் வந்தது. ஏன், யார் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். ஆஸ்பத்திரி மறுபக்கத்தில் இருந்ததால் ஆறு கிழமை என்னால் வேலைக்குப் போக முடியவில்லை. ரோடு திறந்த அன்று, யார் என்ன சொல்வார்களோ, எப்படிப் பார்ப்பார்களோ என்று பயந்து பயந்துதான் ஆஸ்பத்திரிப் படி ஏறினேன்.

காக்கா வாசலில் நின்றார். என் முகத்தைப் பெரிய கண்ணால் பார்த்தார். கையைப் பிடித்து ஆய்வுகூடத்துக்குள் கூட்டிக்கொண்டு போய் உட்காரவைத்து, விரலைத் துடைத்து, ஊசியால் குத்தி ஒரு துளி இரத்தம் எடுத்தார். நிறத்தை அட்டையோடு வைத்துப் பார்த்தார்.

"ரத்தம் குறைஞ்சு போய்ரிக்கி. வீட்ல ஒழுங்காச் சாப்பாடு இல்லயா?"

பகல் அவருடைய வீட்டிலிருந்து எனக்கும் ஒரு சோற்றுப் பார்சல் வந்தது. ஈரல் கறி. அடுத்த நாளும் வந்தது.

"கிழமைக்கு ஒருக்கா வாங்க, குத்திப் பாக்கணும்," என்றார். போனேன். இரண்டு மாதத்தில் இரத்தம் சரியாகிவிட்டது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மாற்றலாகிப் போகும்வரை ஒவ்வொரு திங்கட்கிழமையும் நான் போய் விரலை நீட்டினேன், அவரும் குத்தினார்.